கை நனைத்தவர்கள்

என்னைப் பெண் பார்த்தது ஒரு ஹோட்டலில். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள், "அட, அப்பவே அவ்வளவு ஸ்டைலா!" என்று வாயைப் பிளக்கிறார்கள். ஸ்டைலாவது மண்ணாங்கட்டியாவது. எங்கள் வீட்டுக்கு வரப் பயந்துகொண்டுதான் எங்களை ஹோட்டலுக்கு வரச் சொன்னார்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. எங்கள் ரப்பர்த் தோட்டம் ஜாசின் பக்கம், காட்டை ஒட்டி இருந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாதென்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். வீட்டில் அரிசி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. பொதுக் கொட்டகையில் மொத்தமாகப் பொங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து போட்டார்கள். விருந்தாளி வந்தால்கூட ஒரு பிடி கூடுதலாகப் பொங்க முடியாது. விருந்தாளி வந்தால்தானே!

காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை. ஆண்களுக்கு ஒரு போலீஸ்காரர், பெண்களுக்கு ஒரு மலாய்க்கார அக்கா. வேலியை விட்டு வெளியே போகிறவர்கள் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அக்கா இடுப்பு, மடி, கொண்டை என்று ஒன்று விடாமல் தடவிப் பார்ப்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், அவளுக்கும் அது ஒரு வேலை. ஆனால் விடிந்ததும் ஒருத்தி உடம்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் அன்றைய பொழுதே தொடங்கும் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அந்தக் கேட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் மற்றப் பெண்களுக்கு மாப்பிள்ளையின் முகம் மனதில் வரும் போலிருக்கிறது. எனக்கு ஒரு வீடுதான் வரும். கதவைத் திறந்தால் நேரே தெரு. நினைத்தபோது பானையில் கை விட்டு அரிசி அள்ளி உலை வைக்கலாம். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்பதெல்லாம் பிறகு. அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு முன்னால் பேச்சில் இருந்த சம்பந்தங்கள் எல்லாம், "அந்தத் தோட்டத்துக்குள்ள யாருலா வருவாங்க?" என்ற கேள்வியோடு நின்றுபோயிருந்தன. வயது ஏறிக்கொண்டே இருந்தது. வெளியில் சொல்லவில்லையே தவிர, நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் அம்மாவின் தம்பி, செங் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா, இந்த இடத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை மலாக்கா டவுனில் கவர்மெண்ட் ஆபீஸில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். வீடு தெருவோரம் என்று மாமா சொன்னதுமே நான் மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டேன். ஆனால் அந்த அம்மா தோட்டத்துக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாராம். வழியில் பஸ்ஸை எரித்திருக்கிறார்கள், நான் என் ஒரே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த ரோட்டில் வருவேனா என்றாராம். டவுனில் கடலைப் பார்த்த மாதிரி ஹைனான்காரர் நடத்துகிற பெரிய ஹோட்டல் ஒன்று இருக்கிறது, அங்கே வந்துவிடுங்கள், பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்றாராம்.

"ஹோட்டல்ல பொண்ணு பாக்கறதா? இது எந்த ஊரு வழக்கம்லா?" என்று அப்பா எகிறினார்.

"காலம் அப்படி இருக்கு மச்சான். இதையும் விட்டுட்டா அப்புறம் பிள்ளைய வேலிக்குள்ளயேதான் வெச்சிருக்கணும்" என்றார் மாமா. அப்பா அடங்கிவிட்டார்.

அம்மாவுக்கு வேறொரு கவலை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், பிடித்திருக்கிறது என்று மனதார முடிவு செய்யும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் காப்பி, ஒரு துண்டு பலகாரம், அதோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டு, சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்ததென்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்குகிறவன் மனிதனே இல்லை. சரி, வீட்டில் என்றால் நாம் இலை போடுவோம். ஹோட்டலில் எவனோ சமைத்து எவனோ வைக்கிறானே, அங்கே எதை வைத்து என்னவென்று தெரிந்துகொள்வது?

அப்பா ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல. காலையில் தீர்ப்புச் சொன்னார். "காப்பித் தண்ணியோட எந்திரிச்சா, யோசிக்கிறாங்கன்னு அர்த்தம். சோறு சாப்பிட்டாங்கன்னா முடிஞ்சிருச்சு. எங்க சாப்பிட்டா என்ன, சோறு சோறுதானே?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் புறப்பட்டபோது எங்கள் கையில் ஒன்றும் இல்லை. பெண்ணைக் காட்டப் போகிறோம், ஒரு பலகாரத் தட்டு கிடையாது. மாவுக்கு எங்கே போவது? இருந்தாலும் கேட்டைத் தாண்டுமா? அம்மா தன் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தாள். அதற்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டில் அந்த மலாய்க்கார அக்கா வழக்கம்போலத் தடவிப் பார்த்துவிட்டு, கலைந்த என் பூவைத் தானே சரியாக வைத்துவிட்டு, மலாயில் அழகாய் இருக்கிறாய் என்றாள்.

ஹோட்டலைப் பார்த்ததும் எனக்குக் கால் வரவில்லை. வாசலில் காக்கி உடுப்பும் தலைப்பாகையுமாக ஒரு ஜாகா, கதவைத் திறந்துவிடுவதற்கென்றே நிற்கிற காவல்காரர். உள்ளே மேசைக்கு மேசை வெள்ளைத் துணி. தலைக்கு மேல் காற்றாடி. வெள்ளைக்காரத் துரைமார், கடை முதலாளிகளான சீனத் தவுக்கேமார், டை கட்டிய ஆபீஸ்காரர்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. அப்பா உள்ளே நுழைந்தபோது தன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டார். மாமா ஓடிப்போய் எடுத்துவந்து காலில் மாட்டச் சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மா ஒல்லியாக, விறைப்பாக, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். பல் தெரிந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டார். நல்ல பிள்ளை. அவரைப் பற்றி இன்றைக்கும் நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன்.

வெயிட்டர் வந்து நின்றதும், அந்த அம்மா மலாயில், "காப்பி" என்றார். மேசைக்கு அடியில் அம்மாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. போச்சு, காப்பியோடு எழுந்துவிடுவார்கள் என்று நானும் நினைத்தேன். அப்போது மாப்பிள்ளை, "சாப்பாட்டு நேரம் ஆச்சேம்மா, அவங்க வேற தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. சாப்பிட்டுடலாமே" என்றார்.

அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சாப்பிடுவோம்" என்றார்.

அப்பா மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கண் கலங்கிவிட்டது. மனிதர் அந்த இடத்திலேயே என் தாலியைப் பார்த்துவிட்டார்.

கோழிக்கறியும் சோறும் வந்தது. பெரிய நீளத் தட்டில் சோறு குவியலாக, பூவாக, ஆவி பறக்க. எத்தனை மாதமாயிற்று அப்படி ஒரு குவியலைப் பார்த்து! யாரும் அளக்கவில்லை. வெயிட்டர் பாட்டுக்கு அள்ளி அள்ளி வைக்கிறான். புறப்படும்போதே அம்மா சொல்லியிருந்தாள், கொறிக்கிற மாதிரி சாப்பிடு, பாதியை அப்படியே வை, அதுதான் பெண்ணுக்கு லட்சணம் என்று. நானும் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு நாலு பருக்கை நாலு பருக்கையாகத்தான் தொடங்கினேன். என் கெட்ட நேரம், குழம்பு ருசியாக இருந்தது. ஸ்பூன் எப்போது கீழே போனது என்று எனக்குத் தெரியாது. குனிந்து பார்க்கிறேன், கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தட்டு காலி. வெயிட்டர் மறுபடி வைத்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா மாப்பிள்ளை என்னிடம் பேச வேண்டும்? "படமெல்லாம் பாப்பீங்களா? உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றார் மெதுவாக. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"சோறு."

ஐயோ! பூமி பிளந்து என்னை அப்படியே முழுங்கியிருக்கக் கூடாதா? மாப்பிள்ளை சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம், பிடித்துப்போன மாதிரிதான் சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. தன் தட்டில் ஸ்பூனும் முள்கரண்டியுமாகச் சத்தமில்லாமல் ஒரு துண்டு கோழியை அறுத்து வாயில் வைத்துக்கொண்டு, "நல்லா சாப்பிடும்மா, கூச்சப்படாத" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் என் கை நிற்கவில்லை. அதுதான் கேவலம்.

அப்பாவும் அம்மாவும் கையால்தான் சாப்பிட்டார்கள். மாமா மட்டும் டவுன் பழக்கத்தில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டார். அப்பா தட்டை வழித்து முடித்துவிட்டு, கை கழுவ எங்கே போவது என்று வெயிட்டரிடம் கேட்டார். அவன் முழித்தான். பிறகு சமையல்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். பக்கத்து மேசைத் துரையம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எதையும் கவனிக்கவில்லை. ஈரக் கையோடு வந்து அந்த அம்மாவைப் பார்த்து, "மனசு நெறைஞ்சிருச்சுங்கம்மா" என்றார்.

இவ்வளவோடு விட்டிருந்தால் ஒருவேளை என்னவாகியிருக்குமோ. வெளியே வரும்போதுதான் அது நடந்தது.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் கதவை நெருங்கியதும் அந்த ஜாகா ஓர் அடி முன்னால் வந்தார். கதவைத் திறந்துவிடத்தான். காக்கி உடுப்பைப் பார்த்தோம், கதவைப் பார்த்தோம். அப்பா சட்டென்று நின்று இரண்டு கையையும் தூக்கினார். அம்மாவும் தூக்கினாள். நானும் தூக்கினேன். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது. அம்மா ஒரு படி மேலே போய், இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி உதறிக் காட்டி, "ஒண்ணும் எடுக்கலீங்கய்யா" என்றாள்.

ஹோட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜாகாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த மனிதர் எங்களை விடக் கூசிப்போய், தலையை ஆட்டி ஆட்டி, "போங்க, போங்க" என்று மலாயில் சொன்னார். எங்கேயோ ஒரு மேசையில் யாரோ சிரித்தார்கள். மாமா அப்பாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "இது ஹோட்டல் மச்சான், கேட்டு இல்ல." மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி, எங்கள் மேல் படாமல், முன்னால் போய்விட்டார். என் காது இரண்டும் கொதித்தது. அன்றைக்கு எரிந்த மாதிரி என் முகம் பிறகு எந்த நாளும் எரிந்ததில்லை.

பஸ்ஸில் அம்மா மெல்லச் சொன்னாள். "அந்தம்மா மொகம் நல்லா இல்லீங்க."

"அட போடி இவளே. கை நனைச்சுட்டாங்க. இனிமே மாறவா போறாங்க?" அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டில் இறங்கியதும் முதல் வேலையாக அங்கே நின்ற, எங்கள் வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் சொன்னார். பிறகு லயத்தில் ஒரு வீடு பாக்கி வைக்கவில்லை. "சம்பந்தம் முடிஞ்சிருச்சு! டவுன் மாப்பிள்ளை! பெரிய ஹோட்டல்ல வெச்சுச் சாப்பாடு போட்டாங்க!" அவர் வாய் ஓயவில்லை. நான் தடுக்கவில்லை. தடுப்பானேன்? அந்த அம்மாவின் முகம் எனக்குத் தெரியும்தான். ஆனால் அப்பா சொல்கிற வழக்கமும் பொய் இல்லையே. சாப்பிட்டார்களா இல்லையா? சாப்பிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நானும் தொங்கினேன். அந்த வாரம் முழுக்க எல்லாருக்கும் நான்தான் கல்யாணப் பெண். மலாய்க்கார அக்காகூட என்னைத் தடவும்போது கிச்சுகிச்சு மூட்டிச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். வந்தவர் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"பொண்ண ஒண்ணும் குறை சொல்லல மச்சான். லட்சணமாத்தான் இருக்கான்னு சொல்லுது. பையனுக்கும் இஷ்டம்தான். ஆனா அந்தம்மா ஒரே பிடியா நிக்குது. போலீஸைக் கண்டா கையத் தூக்கிட்டு நிக்கிற ஜனம், நாளைக்கு மாமியா வீட்டுக்குன்னு வந்தா என் பிள்ளையும் அங்க கையத் தூக்கிட்டுத்தானே நிக்கணும்னு கேக்குது."

"அவங்க கை நனைச்சாங்களேடா!" என்றார் அப்பா. கோபமாகக்கூட இல்லை. நியாயம் கேட்கிற மாதிரி.

மாமா டம்ளரையே பார்த்தார். "அதையும் கேட்டேன் மச்சான். நாங்க ஸ்பூன்லதானே சாப்பிட்டோம், கை எங்க நனைஞ்சதுன்னு சொல்லுது."

என்ன வாய் அது! எவ்வளவு சுத்தமாகக் கை கழுவிக்கொண்டார் பாருங்கள். நினைத்துப் பார்த்தால் அந்த அம்மா சொன்னதில் பொய்யும் இல்லை. கோழித் துண்டுகூட அவர் விரலில் படவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் கை நனைத்தது நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

அப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "நாமதான் வேணாம்னுட்டோம்னு சொல்லிடலாம். பையனுக்குக் குடிப் பழக்கம் இருக்குன்னு கேள்விப்பட்டோம்னு சொல்லிடலாம்" என்றார். அம்மாவும் தலையாட்டினாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "அந்தப் பிள்ளை மேல ஏம்பா பழி போடறீங்க? சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க, அவ்வளவுதான். அதச் சொல்றதுக்கு என்ன? நீங்க சொல்ல வேணாம், நானே சொல்லிக்கிறேன்" என்று கத்திவிட்டு மூன்று மங்குத் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வழக்கமாக அப்பாதான் வந்து வாங்குவார். அன்றைக்கு அவரால் வெளியே தலைகாட்ட முடியாது என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலச் சோற்று வரிசை. எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பி, "என்னாடி, தேதி வெச்சாச்சா?" என்று கேட்டாள். அதற்குத்தான் காத்திருந்த மாதிரி, வரிசை முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "தேதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க வேணாம்னுட்டாங்க."

தைரியமாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வரிசை நகர்ந்தது. அண்டா பக்கத்தில் நின்று சோறு போடுகிற அத்தை என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். என் மங்கில் அளவுச் சோற்றைப் போட்டார். பிறகு மறுபடியும் அண்டாவுக்குள் கரண்டியை விட்டு, முழுசாக இன்னொரு கரண்டி அள்ளி அதன் மேல் வைத்தார்.

அந்த வரிசை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. யாருக்காவது ஒரு பருக்கை கூடுதலாக விழுந்துவிட்டால் போதும், அவள் உனக்குச் சொந்தமா, எங்கள் பிள்ளைகளுக்கு வயிறு இல்லையா என்று கொட்டகையே இரண்டாகிவிடும். அடிப்பிடித்த காந்தல் சோற்றுக்காக நானே ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்தவள். கர்ப்பிணிக்குக் கூடக் கொஞ்சம் கூடுதலாகப் போட விடமாட்டார்கள்.

மங்குத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கத்துவார்கள் என்று காத்திருந்தேன். அண்டாவில் கரண்டி இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

ஒருத்தியாவது திட்டியிருக்கலாம்.